அருவிக்குச் செல்லும் வழி

எங்கள் குடாநாட்டிலே ஆறு இல்லை, மலையும் இல்லை. ஆனால் ஆறு என்றும் மலை என்றும் பெயர்களுக்கு மாத்திரம் குறைவில்லை. பருத்தித்துறையிலிருந்து கரையோரமாக மேற்கே சென்றால் தொண்டைமானாறு வருகின்றது. அது ஆறன்று; நிலத்துள்ளே புகுந்த கடல்நீரேரியின் ஒரு கை. வழுக்கியாறோ மாரியில் ஓடிக் கோடையில் மறைந்துவிடும் ஒரு வடிகால். கீரிமலையிலே மலை எங்கே என்று கேட்ட கொழும்பு நண்பர் ஒருவருக்கு நான் இன்றுவரை தக்க விடை கூறவில்லை. சுண்ணக்கல்லின்மேல் அமைந்த இந்நிலத்தில் வானிலிருந்து விழும் நீர் ஓடுவதில்லை, இறங்குகின்றது. இறங்கிய நீரைக் கிணறு வெட்டி, துலாவினாலும் பின்னர் யந்திரத்தினாலும் மேலே எடுத்தே நாம் வாழ்ந்து வந்திருக்கின்றோம். நீர் என்பது கீழேயிருந்து மேலே, மனிதன் உழைத்த அளவுக்கு மட்டும் வருவது என்பதே எமது அநுபவம். அது மேலேயிருந்து கீழே, ஒருவருடைய உழைப்பும் இன்றி, இரைச்சலோடு வந்து விழும் என்பதை எங்கள் பிள்ளைகள் முதன்முதலாகக் காண்பது மலைநாட்டுக்குச் சுற்றுலாப் போகும்போதுதான்.

அந்தக் காட்சியும் ஒரு தலைமுறைக்குக் கிட்டாது போயிற்று. 1956 ஆம் ஆண்டிலே யாழ்தேவி ஓடத் தொடங்கிய காலந்தொட்டு, கல்விச் சுற்றுலா என்றால் கண்டியும் நுவரெலியாவும் என்பது வடபகுதிப் பாடசாலைகளில் எழுதாத சட்டமாக இருந்தது. 1990 இல் புகையிரதம் நின்றது. இடையிலே சில ஆண்டுகள் திறந்து பின்னர் மூடிய ஏ-9 வீதி, யுத்தம் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின்னரே எல்லோருக்கும் வழியாயிற்று. யாழ்ப்பாணத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது 2014 இல். ஆகவே இன்று நாற்பது வயதை அடைந்திருக்கும் ஆசிரியர் பலர், தாம் மாணவராயிருந்த காலத்தில் ஓர் அருவியையேனும் நேரிற் கண்டவர் அல்லர். அவர்களே இப்பொழுது ஐம்பது பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு அருவிகளைத் தேடிப் புறப்படுகின்றனர். இதனை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் அவ்வாறு புறப்பட்ட ஒருவனே.

பஸ் நின்ற இடத்திலிருந்தே பார்க்கக்கூடிய அருவிகளால் தொல்லை இல்லை. அட்டனிலிருந்து தலவாக்கலைக்குப் போகும் வழியிலே டெவனும் சென். கிளயரும் எதிர்மலையில் தொங்குவதைக் கண்டு, படம் எடுத்து, தேநீர் அருந்தி மேலே செல்லலாம். (2012 இல் மேல் கொத்மலை மின்னிலையம் இயங்கத் தொடங்கிய பின்னர் சென். கிளயர் தன் பழைய பெருக்கோடு விழுவதில்லை. அதன் நீரின் பெரும்பகுதி சுரங்கவழியே திருப்பப்பட்டு மின்சாரமாகின்றது. பருத்தித்துறையில் நாம் ஏற்றும் விளக்கிலும் அந்த அருவியின் ஒரு துளி இருக்கக்கூடும் என்று மாணவர்க்குச் சொல்வதுண்டு.) தொல்லை தொடங்குவது காட்டுக்குள்ளே நடந்து சென்று காணவேண்டிய அருவிகளிலேதான். அங்கே வழி இருக்கின்றது. பெரும்பாலும் ஆள் இல்லை. அரசாங்கத்துக்குரிய காட்டின் வழியாக, அதாவது நம் எல்லோருக்கும் உரிய காட்டின் வழியாக, ஓர் அருவிக்குச் செல்லும் பாதையில் யார் நிற்க வேண்டும் என்ற கேள்வியே இக்கட்டுரையின் பொருள்.

ஆள் நிற்கும் இடத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ஹோர்ட்டன் சமவெளி கடல்மட்டத்துக்கு மேல் 2100 மீற்றருக்குக் குறையாத உயரத்திலுள்ளது. அங்கே சுமார் 9 கிலோமீற்றர் வட்டமாக நடந்தால் உலக முடிவையும் பேக்கர் நீர்வீழ்ச்சியையும் கண்டு திரும்பலாம். வாயிலிலே பைகளைத் திறந்து பார்த்துப் பொலித்தீனை அகற்றிய பின்னரே உள்ளே விடுகின்றார்கள். பாணைச் சுற்றியிருந்த தாளையும் பறித்துக்கொள்கின்றார்களே என்று எங்கள் பிள்ளைகள் முதலில் முகம் சுளித்தனர். காற்றில் அசையும் நெடும்புல்லும், பாசி தொங்கும் குறுமரங்களும், புல்லிடையே நின்று அஞ்சாமல் பார்க்கும் மரைகளும் கண்ணில் பட்டபின் ஒருவரும் பேசவில்லை. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று ஆறுகளுக்கும் இந்தச் சமவெளியே நீர் கொடுக்கின்றது என்பதைப் பூமிசாஸ்திரப் புத்தகத்திலே படித்திருந்தோம். காலடியில் சதுப்பாக, ஓசையின்றி ஊறிக்கொண்டிருப்பதே அந்த நீர் என்பதை அங்கேதான் உணர்ந்தோம். மழையையும் முகிலையும் புல்லும் பாசியும் பஞ்சைப்போல் உறிஞ்சி வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக விடுகின்றன. அவ்வாறு விட்ட நீர் ஓடையாகி, ஏறத்தாழ 20 மீற்றர் உயரத்திலிருந்து கரும்பாறையின்மேல் விரிந்து விழுமிடம் பேக்கர் நீர்வீழ்ச்சி.

அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. சாமுவேல் பேக்கர் 1840களிலே நுவரெலியாவில் குடியேறிய ஆங்கிலேயர். வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கொல்வதில் பெருவிருப்பம் உள்ளவர். இலங்கையில் தாம் ஆடிய வேட்டையைப் பற்றியே இரண்டு நூல்கள் எழுதினார். பின்னர் நைல் நதியின் மூலத்தைத் தேடி ஆபிரிக்கா சென்று, அங்கே கண்ட பெரியதோர் அருவிக்கு மேர்ச்சிசன் என்னும் ஸ்கொத்லாந்து நிலவியலாளர் ஒருவரின் பெயரைச் சூட்டினார். இங்கே மரை வேட்டையாடியவரின் பெயர், மரையைத் தொடவும் கூடாத ஒரு தேசியப் பூங்காவின் அருவிக்கு நிலைத்துவிட்டது. பெயரை மாற்ற வேண்டும் என்று நான் வாதாட வரவில்லை. சரித்திரத்துக்கும் சிறிது நகைச்சுவை இருக்கட்டும்.

ஆனால் 'பொதுக் காடு' என்பது எப்படிப் பொதுவாயிற்று என்பதை மறத்தலாகாது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காட்டையும் தரிசையும் முடிக்குரிய நிலம் என்று கருத இடம் செய்தது. முடிக்குரியதாகியது பொதுமக்கள் உலாவுவதற்காக அன்று, விற்பதற்காக. மலைநாட்டுக் காடுகள் ஏக்கர் ஐந்து சிலிங் என்ற விலைக்குங்கூடக் கோப்பித் தோட்டக்காரரிடம் போயின. தென்னிந்தியாவிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட தமிழரே அக்காட்டை வெட்டினர். கோப்பி அழிந்து தேயிலை வந்தபோதும் அவர்களே நட்டனர், கொய்தனர். 1873 இல் யோசப் ஹுக்கர் என்னும் தாவரவியலறிஞர் 5000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு அரசாங்கத்துக்கு அறிவுரை கூறினார். அதனாலேயே ஹோர்ட்டன் சமவெளி போன்றவை எஞ்சின. 1969 இல் அது சரணாலயமாயிற்று. 1988 இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010 இல் சிவனொளிபாதமலைக் காடு, நக்கிள்ஸ் மலைத்தொடர் ஆகியவற்றோடு சேர்ந்து உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. ஆகவே இன்று நாம் பொதுக் காடு என்று அழைப்பது விற்று மிஞ்சிய மீதி. அதைக் காத்துத் தந்தவர்களில் ஓர் அறிஞரும் சில அதிகாரிகளும் உண்டு. ஆனால் அதன் ஓரத்திலே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக லயன்களில் வாழ்ந்து, அதன் ஒவ்வோர் ஓடையையும் அறிந்திருப்பவர்களை ஒருவரும் கேட்டதில்லை. 1948 இல் பிரசாவுரிமையே அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. அப்பொழுது வடக்கிலிருந்த நாம் என்ன செய்தோம் என்பது வேறொரு கட்டுரைக்குரியது.

வேறு நாடுகளிலே பொது வெளியில் நடக்கும் உரிமையையே மக்கள் போராடிப் பெற்றிருக்கின்றனர். இங்கிலாந்திலே மஞ்செஸ்டர் நகருக்கு அணித்தாயுள்ள கிண்டர் மேட்டில் ஓர் அருவி உண்டு. மேட்டைச் செல்வர்கள் பறவை வேட்டைக்காக அடைத்து வைத்திருந்தனர். 1932 ஏப்ரல் 24 ஆம் நாள் ஆலைத் தொழிலாளரான இளைஞர் பலர் கூட்டமாகத் தடையை மீறி அம்மேட்டின்மேல் ஏறினர். ஐவர் சிறை சென்றனர். 1949 இல் அந்நாட்டிலே தேசியப் பூங்காச் சட்டம் இயற்றப்பட்டதற்கு அந்த நடையும் ஒரு காரணம் என்பர். ஸ்கொத்லாந்திலே 2003 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே சென்று, பொறுப்போடு நடப்பவன் பெரும்பாலான நிலங்களில் நடக்கலாம் என்று கூறுகின்றது. பொறுப்போடு என்ற அந்தச் சொல்லிலேதான் எல்லாம் அடங்கியிருக்கின்றது. மழைக்காலத்து மேட்டை அறிந்து வளர்ந்தவனுக்குப் பொறுப்பு எளிது. ஆறே இல்லாத ஊரிலிருந்து வந்தவன் எதற்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பதை யார் சொல்லிக் கொடுப்பது?

சில ஆண்டுகளுக்கு முன்னர் நடந்ததைச் சொல்கின்றேன். இடத்தின் பெயர் வேண்டாம். மலைநாட்டிலே அத்தகைய இடங்கள் பல. பஸ்ஸை வீதியோரத்தில் நிறுத்திவிட்டு, தேயிலையைக் கடந்து காட்டுக்குள் புகுந்து, அரைமணி நேரம் நடந்து ஓர் அருவியை அடைந்தோம். வழியின் தொடக்கத்திலே ஓர் எச்சரிக்கைப் பலகை நின்றது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தது; தமிழ் இல்லை. தமிழும் அரச கரும மொழியாதல் வேண்டும் என்று 1987 இல் அரசியலமைப்பைத் திருத்தியது அந்தப் பலகைக்கு இன்னும் எட்டவில்லை போலும். ஆங்கில எழுத்தும் துருவேறி மங்கியிருந்தது. நான் நின்று படிக்க முயன்றுகொண்டிருக்கையில் பிள்ளைகள் முன்னே ஓடிவிட்டனர். நான் போய்ச் சேர்ந்தபோது பத்துப் பன்னிரண்டு பேர் முழங்கால் அளவு நீரிலே நின்று ஒருவர்மேல் ஒருவர் நீரை இறைத்துக்கொண்டிருந்தனர். வெயில் எறித்தது. அருவியோ நூல்போல் மெல்லிதாக விழுந்தது. அஞ்சுவதற்கு யாதொன்றும் இல்லை என்றே நானும் எண்ணினேன்.

அப்பொழுது விறகுக் கட்டோடு அவ்வழியே வந்தார் ஒருவர். நாற்பது வயதிருக்கலாம், அருகிலுள்ள தோட்டத்தைச் சேர்ந்தவர். கட்டை இறக்கி வைத்துவிட்டுச் சற்று நேரம் நீரைப் பார்த்தார். பின்னர் என்னிடம் வந்து, "ஐயா, புள்ளைங்கள மேல ஏறச் சொல்லுங்க. தண்ணி நெறம் மாறுது" என்றார். எனக்கு நிறமாற்றம் ஒன்றும் தெரியவில்லை. "மழையில்லையே" என்றேன். "இங்க இல்லைங்க. மேல மலையில புடிச்சிருச்சு. எலையும் சருகும் வருது, பாருங்க" என்று சுட்டிக் காட்டினார். பார்த்தேன். இரண்டு மூன்று பச்சை இலைகளும் ஒரு சிறு கிளையும் மிதந்து வந்தன, அவ்வளவே. நான் தயங்கியதை அவர் கண்டார். எனக்காகக் காத்திராமல் தாமே கைதட்டிக் கூப்பிட்டுப் பிள்ளைகளைப் பாறைமேல் ஏற்றினார். அவர் குரலிலிருந்த அதிகாரம் எங்கள் பாடசாலையில் எவருக்கும் வாய்த்ததில்லை. பத்து நிமிடம் சென்றிருக்கும். அருவியின் ஓசை மாறியது. பிறகு, தேநீர் நிறத்திலே ஒரு சுவர்போல் நீர் இறங்கிற்று. பிள்ளைகள் நின்ற இடம் கழுத்தளவு ஆழமாகி, மரக்கட்டைகளைச் சுழற்றிக்கொண்டு ஓடியது. எங்கள்மேல் அப்பொழுதும் வெயில் எறித்துக்கொண்டிருந்தது.

இதன் காரணம் கடினமானதன்று. அருவியின் அடியில் நிற்பவன் காணும் வானம் வேறு. அருவிக்கு நீர் தரும் மலையின் வானம் வேறு. பல சதுர மைல் சரிவிலே பெய்த மழை முழுவதும் ஒரே ஓடையின் கழுத்தில் கூடுகின்றது. சரிவு செங்குத்தாயிருப்பதால் தங்குவதற்கு நேரமில்லை. நிறம் கலங்குதல், புதிய இலைகள் வருதல், ஓசை தடித்தல் என்பனவே முன்னறிவிப்பு. அதற்கும் செயலுக்கும் இடையே கிடைப்பது சில நிமிடங்கள். நம் ஊர்க் கிணறு இத்தகைய பாடத்தைக் கற்பிப்பதில்லை. அதன் நீர்மட்டம் மாதக்கணக்கில் ஏறி மாதக்கணக்கில் இறங்குகின்றது.

கடலும் கற்பிப்பதில்லை என்பதே எங்கள் பகுதியாருக்கு நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. வடமராட்சியிலே நீந்தத் தெரியாத கரையோரப் பிள்ளை குறைவு. 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமி தொண்டைமானாற்றைச் சேர்ந்தவர். 1971 இல் அதனை இரு வழியும் நீந்திய ஆனந்தன் வல்வெட்டித்துறையார். அந்தப் பெருமை எங்கள் பிள்ளைகளின் தோளிலே இருக்கின்றது. அருவியின் அடியிலே அது உதவாது என்பது மாத்திரமன்று, கேடாகவும் முடியும். உப்புநீர் உடலைத் தாங்கும்; நன்னீர் அவ்வளவு தாங்காது. அருவி வந்து விழுமிடத்து நுரைநீரோ பாதி காற்று. அதில் கை வீசினாலும் பிடிப்பதற்கு நீர் இல்லை. விழும் நீர் அடியைக் குடைந்து, பக்கத்தே சுழன்று, உடலை மீண்டும் விழுமிடத்துக்கே இழுக்கின்றது. குளிரோ மூச்சைத் திடீரென்று அடைக்கின்றது. 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்ற ஆனந்தன் அங்கேதான் உயிர் நீத்தார். பாக்கு நீரிணையை வென்றவருக்கும் வேற்றுக் கடல் வேறாகவே இருந்தது என்பதை, அவர் படத்தைச் சுவரிலே மாட்டியிருக்கும் இல்லங்களிலும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டும்.

எங்களுக்கு அன்று நேர்ந்தது அதிர்ஷ்டம். விறகு தேடிய ஒருவர் அந்நேரத்தில் அவ்வழியே வந்தார், அவ்வளவுதான். அதிர்ஷ்டம் வாராத இடங்களின் கதையைத் தமிழ்நாடு அறியும். 2018 மார்ச் 11 ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையிலே காட்டுத்தீயில் மலையேறச் சென்றோர் அகப்பட்டனர். 23 பேர் மாண்டனர். பெண்களே அவர்களுட் பலர். கோடையின் தொடக்கம், புல் காய்ந்திருந்தது. தீ எத்திசையில் ஏறும், எந்தச் சரிவிலே பதுங்கலாம் என்பதை அறிந்தவர் கூட இருந்திருந்தால் எத்தனை பேர் மீண்டிருப்பர் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. அடுத்தது 2024 மே 17 ஆம் நாள். பழைய குற்றாலத்திலே, சாரல் காலம் தொடங்குவதற்கு முன்பே, மலைமேல் பெய்த மழையினால் அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் ஓடித் தப்பினர். 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய மலை அது, ரசிகமணி டி. கே. சி. நண்பர்களைக் கூட்டி வைத்துக் கவிதை பேசிய ஊர் அது. குற்றாலம் என்றவுடன் நம் இலக்கிய வட்டங்களுக்கு நினைவில் வருவன அவைதாம். அருவியைப் பற்றிய நம் அறிவு பெரும்பாலும் கவிதை வழியாக வந்தது. கவிதை அருவியின் அழகை மிகுதியாகச் சொல்லிற்று. நீர் நிறம் மாறுவதைச் சொல்லாதது கவிஞர்களின் பிழையன்று.

இத்தகைய விபத்துகளின் பின்னர் அரசாங்கங்கள் முதலிற் செய்வது கதவை மூடுவது. மூடுவது எளிது, ஒரு சங்கிலியும் ஒரு பலகையும் போதும். ஆனால் மூடிய வழியிலும் இளைஞர் செல்வர். வாயிலைத் தவிர்த்துப் பக்கவழியே செல்வர். விபத்து நேர்ந்தால் எவருக்கும் தெரியாது. தமிழ்நாடு சிறிது காலம் கழித்து வேறு வழியையும் எண்ணிற்று. 2024 ஒக்டோபரிலே அங்கே மலையேற்றத் திட்டமொன்றை அரசாங்கமே தொடங்கி வைத்தது. 14 மாவட்டங்களிலே 40 வழிகள், எளியது, நடுத்தரம், கடினம் என்ற வகுப்பு, முற்பதிவு, தீக்காலத்தில் மூடுதல். இவை எல்லாவற்றிலும் மேலாக, காட்டோர ஊர்களையும் பழங்குடிகளையும் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சியளித்துச் சம்பளத்தோடு வழிகாட்டிகளாக்கினர். அதிலே எனக்கு முழு உடன்பாடில்லை. கட்டணம் செலுத்தவும் இணையத்திற் பதியவும் வல்லவர்களுக்கே காடு திறக்குமானால், ஏழைப் பாடசாலையின் பிள்ளைக்கு அது மூடியதற்குச் சமம். பொதுக் காட்டைப் பணக்காரரின் தோட்டமாக்கும் பழைய வழக்கம் இப்படியும் திரும்பி வரலாம். எனினும் வழியை அறிந்தவனுக்கு அவ்வறிவுக்காக ஊதியம் கொடுப்பது என்ற ஒன்றை அவர்கள் செய்துவிட்டனர். விறகுக் கட்டோடு வந்த மனிதரைக் கண்ட எனக்கு அந்த ஒன்று பெரிதாகப் படுகின்றது.

நம் நாட்டிலே இதற்கான தேவை முன்னெப்போதையும்விட இப்பொழுது கூடியிருக்கின்றது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையிலே நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். மலைநாட்டிலே பல இடங்களில் மண் சரிந்து, லயன்களும் வீடுகளும் வீதிகளும் புதைந்தன. மலையின் மேனியிலே அவ்வளவு காயம் பட்டபின், பழைய பாதைகள் பழைய பாதைகளாக இரா. எந்தச் சரிவு இன்னும் இளகி நிற்கின்றது, எந்த ஓடை தன் படுகையை மாற்றிக்கொண்டது என்பதைக் கொழும்பிலிருந்து வெளியாகும் சுற்றுலாக் கைந்நூல் கூறமாட்டாது. நாள்தோறும் அவ்வழியே நடப்பவர் கூறுவர். அவர்களிற் பெரும்பாலார் தமிழர். நம் பிள்ளைகளோடு அவர்கள் மொழியிலேயே பேச வல்லவர். தோட்ட வேலையின் நாட்கூலியை நம்பி வாழும் ஒரு குடும்பத்துக்கு, வார இறுதியிலே அரசாங்கத்தின் அடையாளத்தோடு ஓர் அருவிப் பாதையின் வாயிலில் நின்று வழிகாட்டுவது எவ்வளவு பெரிய துணையாகும்! வன பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் அது பெருஞ் செலவன்று. காட்டுக்குள் வீசப்படும் பொலித்தீனும் குறையும். எங்கள் பிள்ளைகளின் பைகளையும் அவர் ஒருமுறை திறந்து பார்க்கட்டும், நல்லது.

நாம் செய்யவேண்டியதும் உண்டு. மலைநாட்டுக்கு அழைத்துச் செல்லுமுன் பிள்ளைகளை நடக்கப் பழக்குதல் அவற்றுள் ஒன்று. பருத்தித்துறைக்குக் கிழக்கே மணற்காட்டிலே மணற்குன்றுகளும் சவுக்கங்காடும் இருக்கின்றன. மணலிலே பாதி புதைந்த பழைய தேவாலயம் ஒன்றும் உண்டு. மலையில்லாத நமக்கு வாய்த்த மலை அதுவே. சுற்றுலாவுக்கு முந்திய சனிக்கிழமைகளில் அங்கே பிள்ளைகளை வரிசையாக நடத்திப் பார்த்தோம். முன்னே ஓடுபவர் யார், பின்தங்குபவர் யார், கூப்பிட்டவுடன் நிற்பவர் யார் என்பது மணலிலேயே தெரிந்துவிடும். சீழ்க்கை ஒன்று என்றால் நிற்றல், இரண்டு என்றால் திரும்புதல் என்று பழக்கினோம். பெற்றோர் சிலர், சுற்றுலாவுக்கு ஏன் இந்தப் பட்டாளப் பயிற்சி என்று கேட்டனர். நான் அந்த அருவியின் கதையைச் சொன்னேன். அதன் பின்னர் ஒரு தாய் தன் மகனைத் தானே கொண்டுவந்து விட்டார்.

இம்முறை அதே அருவிக்குச் செல்வதா, வேறிடம் செல்வதா என்று ஆசிரியர் கூட்டத்திலே பேச்சு எழுந்தது. அங்கேயே செல்லவேண்டும் என்றனர் பிள்ளைகள். அந்த மனிதரின் தொலைபேசி இலக்கத்தை அன்று ஒரு மாணவன் தன் கொப்பியிலே எழுதி வைத்திருந்தான். அதைத் தேடி எடுத்து அழைத்தேன். மனைவி பேசினார். எங்களை அவருக்கு நன்றாக நினைவிருந்தது; "பருத்தித்துறைப் புள்ளைங்க எல்லாம் சொகமா ஐயா?" என்று கேட்டார். தோட்டத்திலே வேலை நாள்கள் குறைந்துவிட்டமையால் கணவர் கொழும்பிலே ஒரு கடைக்கு மூட்டை தூக்கப் போய்விட்டாராம், தீபாவளிக்குத்தான் வருவாராம். அருவிப் பக்கம் இப்பொழுது யார் போய் வருகின்றார்கள் என்று கேட்டேன். புயலுக்குப் பிறகு அந்தப் பக்கம் யாரும் விறகுக்குப் போவதில்லை என்றார். வீதியிலே பஸ்கள் மாத்திரம் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து நிற்கின்றனவாம்.